சம்மதப் பொத்தான்

லப்பைக்குடிக்காட்டில் துணிக்கடை வைத்திருந்த மீரானின் மகள் மர்ஜியாதான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். பெரம்பலூருக்கு மூன்று வருஷம் பஸ்ஸில் போய்வந்து பி.சி.ஏ. முடித்தாள். சான்றிதழை அவளுடைய அம்மா வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் நகைகளோடு வைத்துப் பூட்டினாள். நகையாவது கல்யாணம் காட்சி என்றால் வெளியே வந்தது. சான்றிதழுக்கு அந்த யோகமும் இல்லை.

படித்து முடித்த பிறகு என்ன செய்வது என்று வீட்டில் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. மர்ஜியாவும்தான். மாப்பிள்ளை பார்க்கிறோம் என்றார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவள் மத்தியானங்களில் கூடத்தில் உட்கார்ந்து, படித்ததெல்லாம் எங்கே போய்ச் சேரப்போகிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். 2005-ஆம் வருஷம், குவைத்தில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் ஹஸ்ஸான், ஊருக்கு வந்த ஒருவரின் சாமான்களோடு சேர்த்து ஒரு கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தான்.

அந்த ஊரில் அப்போது கம்ப்யூட்டர் அதிசயமில்லை. ஆண்கள் பாதிப்பேர் வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். அவர்கள் அனுப்பிய பெட்டிகள் வீட்டுக்கு வீடு பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வெள்ளிக்கிழமை காலையில் துணியை எடுத்துத் தூசி தட்டி மறுபடி போர்த்துவார்கள். மற்றபடி அதைத் தொட எல்லோருக்கும் பயம்.

இணையத்திலிருந்து ஒரு புரோகிராமை இறக்கிப் போட்டுவிட்டால், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குவைத்தில் இருப்பவரோடு ஆற அமரப் பேசலாம் என்று மர்ஜியாவுக்கு ஹஸ்ஸான் சொல்லிக்கொடுத்தான். அவள் தன் வீட்டில் போட்டுப் பேசிப் பார்த்தாள். செய்தி தெருவெல்லாம் பரவியது. கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டரில் பையன்கள் திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். அதனால் மர்ஜியா வீட்டுக்கு வீடு போக ஆரம்பித்தாள். மத்தியானத் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு, துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, கைப்பையில் ஒரு சி.டி.யோடு கிளம்புவாள். ‘கம்ப்யூட்டர் பிள்ளை வந்துட்டா’ என்று கதவுகள் திறக்கும்.

அவள் வேலை செய்கிற முறையில் ஒரு பழக்கம் உண்டு. எல்லாவற்றையும் அவளே செய்துவிட்டு, கடைசிப் பொத்தான்களை மட்டும் அந்த வீட்டுப் பெண்ணை அமுக்கச் சொல்வாள். “உங்க கையால அமுக்குங்கக்கா, ஒண்ணும் ஒடஞ்சிடாது” என்பாள். அவர்கள் பிஸ்மி சொல்லிக்கொண்டு அமுக்குவார்கள். அதன் பிறகு பெட்டிமேல் இருந்த பயம் போய்விடும். இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சி.டி.யில் ஏறுவதற்கு முன்னால் அந்தப் புரோகிராமை இறக்குவதுதான் பெரும் பாடு. டெலிபோன் வயரில் வருகிற இணையம். மோடம் கொஞ்ச நேரம் கீச்சிட்டுவிட்டு இணையும். பச்சைக் கோடு நத்தை மாதிரி நகரும். முக்கால்வாசி வந்த சமயத்தில் அம்மா உள்ளறையில் இருக்கும் இன்னொரு போனை எடுத்துக் கடைக்குப் பேசப் போவாள், கோடு நின்றுவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். “சோத்துக்கு வராங்களான்னு கேட்டது ஒரு குத்தமாடி?” என்று அம்மா கோபித்துக்கொள்வாள். பாதியில் நின்றதை விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு வழி வைக்கக்கூடாதா என்று மர்ஜியா அந்தக் கோட்டைப் பார்த்து முணுமுணுப்பாள்.

புதிய பதிப்பு வந்திருக்கிறது, பழையதில் இனிக் குரல் சரியாக வராது என்று ஒருநாள் திரையில் செய்தி வந்தது. தேடிப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் ‘இறக்கு’ என்று பல பொத்தான்கள் மின்னின. எது நிஜம், எது விளம்பரம் என்று தெரியவில்லை. எவ்வளவு பெரியது, அவளிடம் இருக்கும் பழைய விண்டோஸில் ஓடுமா, எதுவும் போட்டிருக்கவில்லை. அலுத்துப்போன நேரத்தில் ஒரு பக்கம் திறந்தது. அது முழுக்க அரபி எழுத்து.

மர்ஜியாவுக்கு அரபி அர்த்தம் தெரியாது. ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். அந்த ஊரில் எல்லாப் பெண்பிள்ளைகளையும் போல, பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பே மதரசாவில் குர்ஆன் ஓதப் படித்தவள். காலையில் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுத் தொடுகிற எழுத்து அது. இந்த எழுத்தில் எழுதியவன் ஏமாற்றுவானா? அவள் அப்படி நினைத்ததாகக்கூடச் சொல்ல முடியாது. மனசு தானாக லேசாகிவிட்டது, அவ்வளவுதான். பச்சை நிறத்தில் பெரிதாக ஒரு பொத்தான் இருந்தது. ‘முவாஃபிக்’ என்று அதை வாய்விட்டு வாசித்தாள். ‘சம்மதம்’ என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. அமுக்கினாள். அன்றைக்குப் பார்த்து லைன் அறுபடவே இல்லை. சி.டி.யில் ஏற்றிக்கொண்டு எல்லா வீடுகளுக்கும் போய்ப் புதுசைப் போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் ஹஃபீசாவின் வீட்டில் வினை வெடித்தது.

ஹஃபீசா மர்ஜியாவைவிட நாலைந்து வயது மூத்தவள். அவள் கணவன் பிலால் குவைத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் இருந்தான். மகன் பிறந்து பேச ஆரம்பித்துவிட்டான். பிலால் அவனை இன்னும் நேரில் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறையில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அங்கே ஒரு இணையக் கடைக்கு ஓடிவந்து உட்காருவான். அந்த ஒரு மணி நேரம்தான் அப்பனும் பிள்ளையும். அன்றைக்கு ஹஃபீசாவின் மாமனார், உறவுக்காரர் ஒருவருக்குப் பேரனின் போட்டோக்களைக் காட்டச் சொன்னார். ஹஃபீசா போட்டோவைத் திறந்தாள். அதன்மேல் இன்னொரு ஜன்னல் குதித்தது. அதன்மேல் இன்னொன்று. மூட மூட வந்தன. துணியில்லாத வெள்ளைக்காரிகள். கிழவர்கள் இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். ஹஃபீசா சுவிட்சையே அணைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிப்போனாள்.

மற்ற வீடுகளிலும் அதே கதை என்று மெல்ல மெல்ல வெளியே வந்தது. பள்ளிவாசல் வாசலில் யாரோ மீரானிடம், “ஒங்க மவ வூடு வூடாப் போயி என்னத்தைப் போட்டுவிட்டு வர்றா?” என்று கேட்டுவிட்டார்கள்.

மீரான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடு மர்ஜியா. இல்லேன்னா கம்ப்யூட்டர் வயரை நானே உருவிடுவேன். நீ யார் வூட்டுக்கும் போவ வேணாம்.”

“அத்தா, அது வைரஸா இருக்கும். நான் என்ன பண்ணேன்?”

“நீ என்ன பண்ணேன்னு நான் கேக்கல. ஊரு கேக்குது.”

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வயரை உருவிவிட்டால், மத்தியானங்களில் சும்மா உட்கார்ந்து எங்கே போய்ச் சேரும் என்று கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பழைய மர்ஜியாவாக ஆகிவிடுவோம் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அதற்கு மேலும் ஒரு பயம் இருந்தது. உண்மையிலேயே தனக்கு ஒன்றும் தெரியாதோ? மூன்று வருஷம் படித்தது பரீட்சைக்கு மட்டும்தானோ?

மறுநாள் அப்பாவும் மகளுமாகப் பெரம்பலூர் போனார்கள். அவளோடு படித்த வீரமணி அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். ஆலத்தியூர்க்காரன். அவன் வீட்டிலும் அவன்தான் முதல் பட்டதாரி. வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் இந்த வேலை.

“வாங்க பாய், உக்காருங்க” என்று மீரானுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டான். மர்ஜியா சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். “வைரஸ்தான் மர்ஜியா. இந்த மாசம் இந்தக் கேஸ்தான் ஜாஸ்தி.”

“எப்படி ஏறிச்சு?”

“மழைக்காலத்துல சளி எப்படிப் புடிக்குதுன்னு யாராச்சும் கேக்குறாங்களா? சுத்தம் பண்றதுக்கு ஒரு சி.டி. தரேன். சுத்தம் பண்ணிட்டு, பழையபடி எல்லாத்தையும் போட்டுருங்க.”

“போடுறப்ப ஏதாச்சும் பாத்துப் போடணுமா?”

“என்னத்தப் பாக்குறது? நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, ஃபினிஷ். மூணு வருஷம் ஒண்ணாப் படிச்சோம். நடுவுல நீளமா ஒண்ணு வருமே, அத ஒரு நாளாச்சும் யாராச்சும் படிச்சோமா? லேப்ல சாரே படிக்க மாட்டாரு.”

மர்ஜியாவும் சிரித்தாள். கிளம்பும்போது அவன் இன்னொரு சின்னப் புரோகிராமையும் கொடுத்தான். பாதியில் அறுந்த இறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடருமாம். “இது இல்லேன்னா நான் பைத்தியம் புடிச்சு அலைஞ்சிருப்பேன்” என்றான். இப்படி ஒன்று இருப்பதே இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று பஸ்ஸில் வரும்போது அவள் வருத்தப்பட்டாள். இருக்கிறது என்று சொல்ல யாராவது இருந்தால்தானே தெரியும்?

வியாழக்கிழமை லுஹருக்குப் பிறகு ஹஃபீசாவின் வீட்டுக்குப் போனாள். சுத்தம் செய்கிற சி.டி. நல்லபடியாக வேலை செய்தது. ஜன்னல்கள் குதிப்பது நின்றது. பேசுகிற புரோகிராமும் அதோடு போய்விட்டதால் அதைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. தன் பழைய சி.டி.யை எடுத்துச் சொருகினாள். ஹஃபீசாவின் நாத்தனார் இஃப்பத், அண்ணன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட். கடைசியில் வழக்கம்போல மவுஸை ஹஃபீசாவின் பக்கம் தள்ளினாள்.

“அமுக்குங்கக்கா.”

ஹஃபீசா கையை நீட்டவில்லை. “இதுல என்ன போட்டிருக்கு?”

“‘ஐ அக்ரீ’ன்னு. எனக்குச் சம்மதம்னு அர்த்தம்.”

“எதுக்குச் சம்மதம்?”

“மேல எழுதியிருக்குல்ல, அதுக்கு.”

“மேல என்ன எழுதியிருக்கு?”

“எல்லாத்துக்கும் இதேதான் வரும்க்கா. யாரும் படிக்க மாட்டாங்க.”

“என் நிக்காஹ் அன்னைக்கு பொண்ணு சார்பா நிக்கிற வக்கீலும் ரெண்டு சாட்சியும் எங்கிட்ட வந்தாங்க” என்று ஹஃபீசா ஆரம்பித்தாள். “மாப்பிள்ள பேரு இன்னது, அவரு அத்தா பேரு இன்னது, மாப்பிள்ள தர்ற மஹர் இவ்வளவு, உனக்குச் சம்மதமாம்மான்னு கேட்டாங்க. யாரைக் கட்டிக்கப்போறேன்னு ஊருக்கே தெரியும். இருந்தாலும் எல்லாத்தையும் சொல்லித்தான் கேட்டாங்க. நான் ‘உம்’னு தலைய ஆட்டினேன். அது ஆவாது, வாயத் தொறந்து சொல்லும்மா, சாட்சிக்குக் கேக்கணும்னுட்டாங்க. இந்தப் பொட்டி என்னடான்னா, ஆளு யாரு, எந்த ஊரு, என்ன கொண்டு வர்றான், ஒண்ணும் சொல்லாம சம்மதம்னு அமுக்குங்குது.”

இஃப்பத் அண்ணியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். “சரிதான் மச்சி. நாளைக்கு அண்ணன் அங்க வந்து காத்துக் கெடக்கட்டும். நீ இங்க பொட்டிக்கு நிக்காஹ் பண்ணிவச்சுக்கிட்டிரு.”

“சிரிக்காத இஃப்பத்து. போன தடவை அமுக்குனது என் கைதான். மாமா மொகத்த இன்னும் என்னால நிமிந்து பாக்க முடியல. மர்ஜியா, நீ இங்கிலீசு படிச்சவதானே? படி. கேட்டுட்டு அமுக்குறேன்.”

மர்ஜியாவுக்கு எரிச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை நெருங்குகிறது, மற்ற வீடுகள் காத்திருக்கின்றன, இந்த அக்கா இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாளே. படித்துத் தொலைப்போம் என்று உட்கார்ந்தாள்.

அந்தச் சின்னக் கட்டத்தில் ஒரு நேரத்தில் சில வரிகள்தான் தெரியும். கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. முழுக்கக் கோர்ட்டுப் பாஷை. ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்கு ஓடியது. அவள் உடைத்து உடைத்துத் தமிழில் சொன்னாள். இந்தப் புரோகிராம் எங்களுக்குச் சொந்தம், நீங்கள் விற்கக் கூடாது. “விக்க மாட்டேன்” என்றாள் ஹஃபீசா. ஏதாவது கெட்டுப்போனால் நாங்கள் பொறுப்பில்லை. “அது எப்படி? கெடுத்தவன்தானே பொறுப்பு?” என்றாள் இஃப்பத். இஃப்பத் இப்போது குழந்தையை இறக்கிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இன்னும் கீழே போனபோது மர்ஜியாவின் குரல் நின்றது.

“என்னடி?”

அவள் இன்னொரு தடவை தனக்குள் படித்துவிட்டு, மெல்லச் சொன்னாள். “இதைப் போட்டா, இதோட எங்க கூட்டாளிங்களோட புரோகிராமும் சேந்து வரும்னு போட்டிருக்கு. அது நீங்க என்ன பாக்குறீங்கன்னு கவனிச்சு வெளம்பரம் காட்டுமாம். இதை எடுத்தாலும் அது போவாதாம். இதுக்கெல்லாம் நீங்க சம்மதிக்கிறீங்கன்னு…”



“அப்ப சொல்லிட்டுத்தான் உள்ள வந்திருக்கான் திருட்டுப் பய” என்றாள் இஃப்பத்.

மர்ஜியாவுக்குக் காது சூடாகிவிட்டது. சளியும் இல்லை, மழையும் இல்லை. அவள் கைப்பையில் இருந்த சி.டி.தான் எல்லா வீட்டுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அரபியை வாசித்தாள், அர்த்தம் தெரியாது. இங்கிலீஷுக்கு அர்த்தம் தெரியும், வாசிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண்களின் கையைப் பிடித்துப் பொத்தானில் வைத்திருக்கிறாள்.

“கேன்சல் பண்ணிடலாம்க்கா” என்றாள். சி.டி.யை வெளியே எடுத்து, அங்கேயே இரண்டாக மடக்கினாள். அது உடையாமல் வளைந்தது. ஹஃபீசா வாங்கி முழங்காலில் வைத்து அமுக்கி உடைத்துக் கொடுத்தாள்.

நேராக அப்பாவின் கடைக்குப் போனாள். மீரான் யாருக்கோ கைலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் போகும்வரை நின்றாள்.

“அத்தா, வைரஸ் இல்ல. நான் போட்ட புரோகிராம்தான். படிக்காமப் போட்டுட்டேன்.”

அவர் விரித்துப் போட்ட கைலிகளை ஒவ்வொன்றாக மடித்தார். “எத்தன வூட்ல?”

“எல்லா வூட்லயும்.”

“அப்ப எல்லா வூட்லயும் போயிச் சொல்லிட்டு வா.”

“வைரஸ்னே விட்டுட்டா யாருக்கும் தெரியாது அத்தா. சொன்னா, இனிமே என்னை யாரும் கூப்புட மாட்டாங்க.”

“கூப்புட மாட்டாங்கதான்” என்றார் மீரான். அடுத்த ஆள் வந்துவிட்டார்.

அந்தச் சாயங்காலம் மர்ஜியாவின் வாழ்க்கையிலேயே நீளமானது. வீடு வீடாக ஏறினாள். சுத்தம் செய்தாள். தான்தான் காரணம் என்று சொன்னாள். ஒரு வீட்டில், “இதுக்குத்தான் பொம்பளப்புள்ளைய டவுனுக்கு அனுப்பிப் படிக்கவச்சாங்களாக்கும்” என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். இன்னொரு வீட்டில் ஒன்றுமே சொல்லாமல் பெட்டிமேல் துணியைப் போர்த்தினார்கள். அதுதான் அதிகம் வலித்தது. வேறொரு வீட்டு மாமி டீயைக் கொடுத்துவிட்டு, “சும்மா இருந்திருக்கலாம்ல, ஏன்டி வந்து சொல்ற?” என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள். நல்லவள் என்பதாலா? பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தாலா? மர்ஜியா யோசித்துக்கொண்டே டீயைக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே உட்கார்ந்து, அந்தப் புரோகிராமை உண்டாக்கியவர்களின் சொந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். அங்கிருந்து இறக்கத் தொடங்கினாள். வழக்கம்போல முக்கால்வாசியில் அம்மா உள்ளே போனை எடுத்தாள். கோடு நின்றது. “ஐயய்யோ, இன்னைக்குமா!” என்று அம்மாவே பதறி ஓடிவந்தாள். மர்ஜியா மறுபடி இணைத்தாள். வீரமணி கொடுத்தது விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு ஓடியது. அம்மாவும் மகளும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். “இத மொதல்லேயே செஞ்சிருந்தா இத்தன நாளு எங்கிட்ட சண்ட போட்டிருக்க வேணாமே” என்றாள் அம்மா.

இறங்கி முடித்ததும் போட்டுவிடவில்லை. அந்த நீளக் கட்டத்தைத் திறந்து, கடைசி வரி வரைக்கும் படித்தாள். தெரியாத வார்த்தைகளுக்கு அகராதியைப் பார்த்தாள். படிக்கப் படிக்க அவளுக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவையும் இங்கே புதைத்துவைக்காமல், வாசலிலேயே நாலு வரியில் சொன்னால் என்ன? நான் யார், எவ்வளவு இடம் வேண்டும், என்னோடு வேறு யாரெல்லாம் வருகிறார்கள், வேண்டாம் என்றால் எப்படி வெளியே அனுப்புவது. ஹஃபீசா அக்கா கேட்டதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? அதையே இங்கிலீஷில் எழுதி, அந்தப் பக்கத்தில் இருந்த முகவரிக்கு ஒரு ஈமெயில் அனுப்பினாள். உங்கள் கடிதம் கிடைத்தது என்று உடனே ஒரு பதில் வந்தது. மெஷின் அனுப்புகிற பதில் என்று தெரிந்தும் அதை இரண்டு தரம் படித்தாள்.

மத்தியானம் ஹஃபீசாவின் வீட்டுக் கூடத்தில் எதிர்பார்க்காத கூட்டம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரை இஃப்பத் பிடித்து வந்திருந்தாள். “சாட்சிங்க” என்றாள் கண்ணைச் சிமிட்டி. அதில் ஒருத்தி, முந்தின நாள் பெட்டியைத் துணி போட்டு மூடிய வீட்டுக்காரி. மர்ஜியா அவளைப் பார்க்காதது மாதிரி இருந்தாள்.

“ஆளு யாரு?” என்று இஃப்பத் ஆரம்பித்தாள்.

மர்ஜியா கம்பெனியின் பெயரையும் நாட்டையும் சொன்னாள்.

“கூட யாரு வர்றா?”

“யாரும் வரல. படிச்சுப் பாத்துட்டேன்.”

“என்ன கேக்குறான்?”

“பேரு, ஒரு ஈமெயில் முகவரி. பேசுறப்ப மேல சின்னதா ஒரு வெளம்பரம் வரும். இத்தனாம் தேதிக்கு மேல ஓடாதுன்னு ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, நாம பேசுறது அவங்க மெஷின் வழியாப் போவும்னு போட்டிருக்கு. அவங்க கேப்பாங்களா மாட்டாங்களான்னு தெளிவா இல்ல.”

ஹஃபீசா யோசித்தாள். “கேட்டா கேக்கட்டும். புள்ளைக்குப் பல்லு மொளச்ச கதையத்தான் பேசப்போறோம்.”

“பிடிக்கலன்னா குலா வாங்க வழி இருக்கான்னு கேளு மச்சி” என்றாள் இஃப்பத். மனைவியே கணவனிடமிருந்து பிரிந்துகொள்ளக் கேட்பதற்குத்தான் குலா என்று பெயர். கூடம் அதிர்ந்தது. உள்ளறையில் மாமனார் கனைத்தார். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“இருக்கு” என்றாள் மர்ஜியா சிரிப்பை அடக்கிக்கொண்டு. எடுத்துவிடுகிற இடத்தைத் திரையில் காட்டினாள்.

ஹஃபீசா மவுஸைப் பிடித்தாள். “சம்மதம்” என்று சாட்சிகளுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு அமுக்கினாள்.

குவைத்தில் ஜும்ஆ முடிந்து கொஞ்ச நேரம் கழித்து, கரகரவென்று ஒரு சத்தம், பிறகு பிலாலின் குரல். “ஹலோ… கேக்குதா?” ஹஃபீசா ஹெட்போனைக் கழற்றி மகனின் காதில் வைத்தாள். அவன் பெட்டிக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான். மாமனார் கதவருகே வந்து நின்றார். திரையில் போட்டோவும் இல்லை, ஜன்னலும் இல்லை. “என் மவனா பேசுறான்? நானும் ரெண்டு வார்த்த பேசுறேம்மா” என்றார். ஹஃபீசா எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் மீரான் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கம்ப்யூட்டர் வயர் இருந்த மூலையைப் பார்த்தார். உருவவில்லை.

அடுத்த இரண்டு வாரம் யாரும் கூப்பிடவில்லை. பிறகு துணி போட்டு மூடிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. பிறகு இன்னொரு வீடு. இப்போதெல்லாம் முன்னைப்போல ஒரு மத்தியானத்தில் பல வீடு ஏற முடியவில்லை. படித்துச் சொல்லவே நேரம் போய்விடும். பாட்டு இறக்கித் தருகிற ஒன்றை மூன்று வீட்டுப் பெண்கள் ஆசையாகக் கேட்டார்கள். படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். முனகினார்கள், ஆனால் விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் மீரான் சோற்றுக்கு வந்தவர் திரும்பும்போது, “துப்பட்டியப் போட்டுக்கிட்டு வா” என்றார். கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். துணிக்கடைக்கு அடுத்தது கண்ணையனின் உரக்கடை. அவர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். சரக்குக் கணக்குப் பார்க்க யாரோ இணையத்தில் ஒரு புரோகிராமை இறக்கிக் கொடுத்திருந்தார்கள். கடையில் மூட்டைகளுக்கு நடுவே நாலைந்து ஆண்கள் நின்றார்கள். மர்ஜியா ஆண்கள் இருக்கும் கடையில் வேலைக்காகக் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

“வாம்மா பாப்பா” என்றார் கண்ணையன். “ஒங்க அத்தாதான் நிறுத்திவச்சிட்டாரு. எம்மவ படிச்சுச் சொல்லட்டும், அப்புறம் போடுங்கன்னு ஒரே புடியா நிக்கிறாரு. நான் மவுஸைப் புடிச்சபடிக்கே சோறுகூடத் திங்காம உக்காந்திருக்கேன்.”

ஒருவர் சிரித்தார். “இதுல படிக்கிறதுக்கு என்ன பாய் இருக்கு? எல்லாரும் அமுக்குறதுதானே?”

மீரான் மகளுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

மர்ஜியா படிக்க ஆரம்பித்தாள். உர வாசனை மூக்கில் ஏறியது. முதல் பாதி சுலபமாக இருந்தது. ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். கண்ணையன் “உம்… உம்” என்று கேட்டுக்கொண்டார். நடுவில் ஒரு வாக்கியம் வந்தது. கணக்கு விவரங்கள் எங்கே வைக்கப்படும், யார் பார்க்கலாம் என்பதைப் பற்றி என்று மட்டும் பிடிபட்டது. பார்க்கலாமா கூடாதா என்பது பிடிபடவில்லை. திரும்பப் படித்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்தது. சேர்த்துப் படித்தால் நழுவியது. ஆண்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போய்விடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

“என்ன பாப்பா, அமுக்கிடலாமா?”

“வேணாங்கண்ணே. இந்த ஒரு வரி எனக்குப் புரியல.”

சொன்ன பிறகு யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. கண்ணையன் மவுஸிலிருந்து கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்கு வந்து சொல்லுவா” என்றார் மீரான்.